“சொந்தப் பயன்பாட்டுக்குத்தானே!”



இன்று நான் எழுதப் போவது பலருக்கு உவப்பாக இராது. குறிப்பாக, என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்து தேநீர் அருந்துவோர் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் எழுதியே ஆக வேண்டும். ஏனெனில், ஒரு சொற்றொடர் நம்மிடையே கள்ளச் சாவியைப் போலக் கைமாறிக் கொண்டிருக்கிறது. எந்தப் பூட்டையும் திறந்துவிடும் சாவி அது. “சொந்தப் பயன்பாட்டுக்குத்தானே!”

கட்டணம் செலுத்திப் பார்க்க வேண்டிய இணையக் காணொளிப் பாடங்களைப் பதிவிறக்கம் செய்து வைத்துக் கொள்வோர் சொல்லும் விடை இதுதான். விற்கவில்லை, ஊருக்கெல்லாம் கொடுக்கவில்லை, என் வீட்டுப் பிள்ளைக்காக எடுத்து வைத்தேன், இதில் என்ன பிழை என்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானும் சில காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. திறன்பேசி இருந்த வீட்டில் இணையம் இல்லை. இணையம் இருந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே திறன்பேசி. அமைச்சு 2021 பிப்ரவரியில் ‘டிடிக் டிவி’ அலைவரிசையைத் தொடங்கியது, நல்லதுதான். ஆனால், கணிதத்தைத் தமிழில் பயிலும் நம் பிள்ளை அதன் முன் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கும்? அந்தக் காலக்கட்டத்தில்தான் விருப்ப ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தம் வீட்டு உணவு மேசைக்கு எதிரே ஒரு வெண்பலகையை மாட்டி, ஆறாம் ஆண்டுக் கணிதத்தைத் தமிழில் நடத்திப் பதிவு செய்யத் தொடங்கினார். மொத்தம் 48 பாடங்கள் எனத் திட்டம். நான்கு மாதங்களுக்கு 45 வெள்ளி கட்டணம். காணொளியைப் பதிவிறக்கம் செய்ய இயலாது. கட்டியவரின் தொலைபேசி எண் திரையின் அடியில் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் பாடம் நடத்திய விதத்தை இங்கே ஒரு வரியாவது சொல்ல வேண்டும். பின்னங்களை விளக்க ஒரு முழு வெங்காய வடையை எடுத்து வெட்டுவார். வெட்டியபின் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “இப்போது எவ்வளவு மீதம், சொல்லுங்கள்” என்று கேட்பார். இருபது ஆண்டுகளாகப் பின்னம் நடத்தும் எனக்கு இந்த எளிய வழி தோன்றியதில்லை.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை பள்ளி முடியும் வேளையில் வந்து நின்றார். லோரி ஓட்டுநர். செம்பனைத் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்.

“டீச்சர், ஒரு ஒதவி. அந்தக் கணக்குப் பாடத்துக்குக் காசு கட்டிட்டேன். ஆனா போன் என்கிட்டதான் இருக்கு. நான் வீட்டுக்கு வர ராத்திரி பத்து மணி ஆயிடுது, பையன் தூங்கிடுறான். அங்க லைனும் சரியா கெடைக்கல. இத எறக்கி, வீட்டுல கெடக்குற பழைய லெப்டோப்புல போட்டுக் குடுக்க முடியுமா?”

முடியும். திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்யும் செயலி எங்கே கிடைக்கும், அதை எப்படி இயக்குவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கணினி வேலை என்றால் எங்கள் பள்ளியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது, முடித்துக் கொடுத்துவிடலாம் என்றே கை துடித்தது. ஆனாலும், “முதலில் அந்த ஆசிரியையைக் கேட்டுப் பார்ப்போம், ஐயா” என்று சொல்லி, அவருக்குப் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினேன்.

அன்று மாலையே மறுமொழி வந்தது. எல்லாப் பாடங்களையும் பதிவிறக்கம் செய்துகொள்ளும்படி தனி இணைப்பு அனுப்பியிருந்தார். மகனின் பெயரை ஒவ்வொரு காணொளியிலும் பொறித்திருந்தார். “படிவம் 1-க்குப் போனதும் அழித்துவிடச் சொல்லுங்கள், டீச்சர். வேறு யாருக்கும் தர வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.” அவ்வளவுதான். ஒரு செய்தி, ஒரு மறுமொழி.

இரண்டு வாரம் கழித்து, ஆறாம் ஆண்டுக் கணித ஆசிரியர்கள் பலர் இருக்கும் ஒரு டெலிகிராம் குழுவில் அதே பாடங்கள் வரிசையாக வந்து இறங்கின. அந்தச் சிறுவனின் பிரதி அன்று அது. வேறொருவர் கட்டணம் செலுத்தித் திரைப்பதிவு செய்தது. அடியில் ஓடிய தொலைபேசி எண்ணை மறைப்பதற்காகத் திரையின் கீழ்ப்பகுதியையே வெட்டி எறிந்திருந்தார்கள். எண்ணோடு சேர்ந்து வெண்பலகையின் கடைசி வரியும் போயிற்று. பின்னங்களில் தொகுதி மட்டும் தெரிகிறது, பகுதியைக் காணோம்! கோட்டுக்கு மேலே மூன்று; கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கு நாற்பது பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள்.

பதிவேற்றியவர் யார் என்று எனக்குத் தெரியும். நம்மில் ஒருவர். தனியே கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வியந்தார். “நான் காசு கட்டித்தான் பார்த்தேன். என் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் எடுத்து வைத்தேன். நண்பர் ஒருவர் கேட்டார், கொடுத்தேன். அவர் குழுவில் போடச் சொன்னார். எல்லாம் நம் பிள்ளைகளுக்காகத்தானே?”

ஓட்டுநர் கேட்டார். ஆசிரியர் கேட்கவில்லை. என் சினம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இனி, “சொந்தப் பயன்பாடு” என்ற அந்தச் சொற்றொடரைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம்.

புத்தகக் கடைக்குச் சென்று ஒரு நூலை வாங்கினால் அந்த நூல் உங்களுடையது. பத்து முறை படிக்கலாம். அண்டை வீட்டாருக்கு இரவல் தரலாம். பழைய நூல் கடையில் விற்றும் விடலாம். ஆனால், அந்த ஆசிரியை விற்றது நூல் அன்று. நான்கு மாதங்கள் வந்து அமர்ந்து பார்ப்பதற்கு ஓர் இருக்கை. திருமண மண்டபத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தவர், நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், “வீட்டில் நாங்கள் உட்காரத்தானே” என்றால் ஏற்போமா? காணொளியில் நாற்காலி குறைவதில்லையே என்று மடக்குவீர்கள். உண்மைதான், குறைவதில்லை. அதனால்தான் இது பொருள் திருட்டைப் போன்றதே என்று நான் வாதிடவில்லை. இது வாக்கு மீறல். நான்கு மாதம், ஒரு குடும்பம் என்று ஒப்புக்கொண்டுதானே பணம் கட்டினோம்? ஒப்புக்கொண்ட கை ஒன்று, பதிவு செய்யும் கை இன்னொன்று என்றால் அந்த ஒப்புதலுக்கு என்ன பொருள்?

“சட்டமே சொந்தக் கற்றலுக்கு அனுமதி தருகிறதே” என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். நான் வழக்கறிஞர் அல்லேன். ஆனால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆய்வு, தனிப்பட்ட கற்றல், திறனாய்வு, செய்தி வெளியிடல் முதலிய நோக்கங்களுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. இதுவரை அவர் சொன்னது சரி. நியாயமா இல்லையா என்பதை எப்படி எடைபோடுவது என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறதே, அதை ஏன் அவர் படிக்கவில்லை? கையாள்வதன் நோக்கமும் தன்மையும், படைப்பின் தன்மை, அதில் எவ்வளவு எடுத்தோம் என்னும் அளவு, எடுத்ததனால் அந்தப் படைப்பின் சந்தைக்கும் மதிப்புக்கும் நேரும் விளைவு என நான்கையும் பார்க்கச் சொல்கிறது. கற்றல் என்பது நோக்கம். முதல் தட்டில் நமக்குச் சாதகமாக எடை விழும். முழுப் பாடத்தொடரையும் அடியோடு எடுத்திருக்கிறோம், அதுவும் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக எடுத்திருக்கிறோம் என்றால் மூன்றாவதும் நான்காவதும் எந்தப் பக்கம் சாயும்? அதுமட்டுமன்று; படைப்பைக் காக்கப் போடப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும் அதே 2012 திருத்தம் தனியே தடை செய்கிறது.

பழைய நினைவு ஒன்று. தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் போடும் தமிழ்ப்படத்தை என் தந்தையார் ஒளிநாடாவில் பதிவு செய்து வைப்பார். விருந்தினர் வந்திருக்கும்போது படம் பார்க்க முடியாதே! அது குற்றமா? இல்லை. ஒளிபரப்பாவதை வீட்டில் பார்ப்பதற்காகப் பதிவு செய்துகொள்வதற்கு நம் சட்டம் வெளிப்படையாகவே இடம் தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984-இல் சோனி நிறுவனத்தின் ஒளிநாடாப் பெட்டி பற்றிய வழக்கில், பின்னர்ப் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது நியாயமே என்று தீர்ப்பளித்தது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில். ஆனால், அந்தப் படம் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இலவசமாக அனுப்பப்பட்ட ஒன்று. என் தந்தையார் மாற்றியது பார்க்கும் நேரத்தை மட்டுமே. “அப்பா செய்ததைத்தானே நானும் செய்கிறேன்” என்பார்க்கு இந்த வேறுபாடு புரிய வேண்டும்.

சரி, சட்டத்தை விடுவோம். சட்டத்தைவிடப் பெரிய ஆயுதம் ஒன்றை நம் தமிழன்பர்கள் எடுப்பார்கள். “கல்வி விற்பனைக்குரியதன்று! நம் முன்னோர் கல்வியை விற்றார்களா?” மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி.

விற்றார்களா என்று பவணந்தி முனிவரைக் கேட்போம். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் யார் யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தன் மகன், தன் ஆசிரியரின் மகன், மன்னனின் மகன், வழிபடுவோன், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றல் உடையோன் ஆகியோரோடு, பொருளை மிகுதியாகக் கொடுப்போனும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். இலக்கணம் படித்த நாம் அந்த ஒருவனை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். பொருள் கொடுப்பவனுக்கும் இடமுண்டு, பொருள் இல்லாது வழிபடுபவனுக்கும் இடமுண்டு. கொடுக்காமலும் கேட்காமலும் சுவரேறிக் குதித்து ஏட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் அங்கே இடமில்லை.

பட்டியல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே நன்னூல், கடைமாணாக்கருக்கு ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் உவமை சொல்கிறது. பதிவிறக்கம் செய்து சேர்ப்போரை நினைத்தால் எனக்கு ஆடுதான் கண்முன் வருகிறது. ஒரு செடியிலும் வயிறார மேயாமல், நுனியை மட்டும் கடித்துவிட்டு அடுத்த செடிக்கு ஓடும். விரலியில் முந்நூறு காணொளிகள். பிள்ளை பார்த்தது முதல் இரண்டின் தொடக்கம். எடுத்து வைத்துவிட்டோம் என்பதே படித்துவிட்டோம் என்னும் நிறைவைத் தந்துவிடுகிறது. நான்கு மாதம்தான் என்ற கெடு இருந்தால், பிள்ளையை இழுத்துப் பிடித்து உட்கார வைக்கும் பெற்றோர், கோப்பு கையில் இருக்கிறது என்றதும் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். இது நான் கண்கூடாகக் கண்டது.

இனி நம் ஆசிரியச் சமூகத்தின் பக்கம் வருகிறேன். பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, கல்லூரிக்கு எதிரே ஒரு நகலகம் இருந்தது. பக்கத்துக்கு ஐந்து காசு. நூலகத்திலிருந்து ஒரு நூலை இரவல் எடுத்துக்கொண்டு போனால், மறுநாள் காலையில் சுருள்கம்பி போட்ட முழு நகல் ஆயத்தமாக இருக்கும். எங்கள் அணியில் முப்பது பேரும் அப்படித்தான் படித்தோம். விரிவுரையாளர்களுக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நாங்கள் கற்ற கல்வி உளவியலைவிட அந்த மௌனம் எங்களுக்கு ஆழமாகப் பதிந்தது.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு தமிழ்மொழிப் பயிற்சி நூலை ஒரே ஒரு படி வாங்கி, 34 மாணவருக்கும் நகலெடுத்துக் கொடுத்தேன். தோட்டத்துப் பிள்ளைகள், வாங்க வசதியில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஒருநாள் அந்த நூலின் ஆசிரியரே எங்கள் பள்ளிக்கு வந்தார். மகிழுந்தின் பின்புறப் பெட்டியில் நூல்களை அடுக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று விற்றுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் என் வகுப்புக்கு அழைத்து வந்தார். முன் வரிசையில் ஒரு மாணவியின் மேசைமீது அவர் நூலின் நகல் கிடந்தது. எடுத்தார், மடங்கியிருந்த முனையை நீவிவிட்டார். “நகல் தெளிவாக வந்திருக்கிறது, டீச்சர்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் அந்த நூலுக்குப் பிறகு இரண்டாம் பாகம் போடவில்லை.

இன்று நிலைமை இன்னும் மோசம். நகலில் நூலாசிரியரின் பெயராவது இருந்தது. இப்போது புலனக் குழுக்களில் உலா வரும் பயிற்சித்தாள்களைப் பாருங்கள். ஒருவர் இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்ததை இறக்கி, அடியில் இருக்கும் பெயரை அழித்து, தம் பள்ளியின் சின்னத்தை ஒட்டி, “ஆக்கம்” என்று தம் பெயரைப் போட்டுக்கொள்வோர் இருக்கிறார்கள். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு என்று வகுத்த நன்னூலார், முதலாவதாக வைத்தது ஆக்கியோன் பெயரை. அதைக் கரும்பலகையில் எழுதி மாணவரை மனனம் செய்யச் சொல்லும் கை, கணினியில் பெயரை அழிக்கிறது! அன்பர்களே, பணம் கொடுக்க இயலாதவர் இருக்கலாம். பெயரை விட்டுவைக்க இயலாதவர் யார்?

“நான் அரசாங்க ஊழியர், என் பாடத்தை நான் இலவசமாகத்தானே தருகிறேன், அவர் மட்டும் ஏன் விற்க வேண்டும்?” என்றும் ஒரு குரல் கேட்கிறது. நமக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. வேலைநேரத்தில் பணியின் பகுதியாக நாம் ஆக்குவதன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையேல், சட்டப்படி முதலாளியைச் சேரும். நமக்கு விற்க உரிமை குறைவு என்பதால்தான் நம் கொடை பெரிதாகத் தெரிகிறது. அந்த ஆசிரியைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்? அவருடைய கணக்கை அவரே எனக்குச் சொன்னார். உச்சத்தில் இருந்தபோது 120 குடும்பங்கள். நான்கு மாதத்துக்கு 5,400 வெள்ளி. மாதத்துக்கு 1,350. நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி! இதில் ஒளிவிளக்கு, ஒலிவாங்கி, இணையத்தளச் செலவு எல்லாம் அடக்கம். இதைத்தான் நாம் “கல்வி வாணிபம்” என்று பழிக்கிறோம்.

நம் சந்தை எவ்வளவு சிறியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், அத்தனையிலும் பயிலும் மாணவர் தொகை ஓர் இலட்சத்தை எட்டவில்லை. அதில் ஆறாம் ஆண்டு எவ்வளவு? அவர்களுள் பணம் கட்டக்கூடியவர் எவ்வளவு? மலாயிலோ ஆங்கிலத்திலோ பாடம் செய்பவரிடம் ஆயிரம் பேர் திருடினால் இன்னும் பல்லாயிரம் பேர் கட்டுவார்கள்; அவர் பிழைத்துக்கொள்வார். தமிழில் கணிதப் பாடம் செய்பவரிடம் எண்பது பேர் திரைப்பதிவு பார்த்துவிட்டால், மிச்சம் யார்? தமிழில் தரமான கற்றல் பொருள் இல்லை, செயலி இல்லை, காணொளி இல்லை என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு புலம்புகிறோமே, ஒன்று முளைத்தபோது நாம் என்ன செய்தோம்?

இவ்வளவு சொன்னதால் விற்போர் அனைவரும் உத்தமர் என்று பொருளன்று. அவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. “இன்றே வாங்குங்கள்” என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் போடுகிறார்கள். நான்கு மாதக் கெடு மட்டும் எறும்பு எழுத்தில் இருக்கிறது. வாடகை என்றால் வாடகை என்று சொல்லுங்கள்! இணையம் எட்டாத தோட்டத்துப் பிள்ளையை எண்ணிப் பார்த்து, பாடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துப் பார்க்கும் வசதி செய்து கொடுங்கள். உலகளவில் பாடம் விற்கும் யூடெமி போன்ற நிறுவனங்கள் தம் செயலிக்குள் இறக்கி வைத்துப் பார்க்க விடுகின்றன. கோப்பு வெளியே போகாது, இணையமும் தேவையில்லை. நேர்மையான வழி அடைபட்டிருந்தால் நேர்மையானவரும் குறுக்கு வழியில்தான் போவார். பணத்தை வாங்கிக்கொண்டு, பாதித் தொடரிலேயே தளத்தை மூடிவிட்டு மறைந்தவர்களும் உண்டு. சக ஆசிரியை ஒருவர் அப்படி 80 வெள்ளி இழந்தார். அவர் முன்னெச்சரிக்கையாகச் சில பாடங்களை இறக்கி வைத்திருந்தார் என்றால், ஏன் வைத்தாய் என்று நான் கேட்க மாட்டேன். பேசிய காலம் முழுதும் பார்க்கும் உரிமைக்கு விலை கொடுத்தவர் அவர். வாக்குத் தவறியது மறுபுறம்.

ஆக, என் தராசு இதுதான். கட்டணம் கட்டியவர், கட்டிய காலத்துக்குள், தம் பிள்ளை பார்ப்பதற்காக இறக்கி வைத்து, காலம் முடிந்ததும் அழித்துவிட்டால், அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். சட்டம் ஏற்றினாலும் ஏற்றட்டும். ஆனால், கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பேன். கேட்டால் நூற்றில் தொண்ணூறு பேர் கொடுப்பார்கள். கெடு முடிந்தும் தம்பிக்கு ஆகும், தங்கைக்கு ஆகும் என்று வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. தம்பிக்கும் சேர்த்து அவர் விலை பேசவில்லை. அழியாமல் கிடக்கும் அந்தக் கோப்புத்தான் பின்னர் மைத்துனருக்கும் நண்பருக்கும் குழுவுக்கும் போகிறது. டெலிகிராமில் இருக்கும் ஒவ்வொரு திருட்டுப் பிரதியும் என்றோ ஒருநாள் யாரோ ஒருவரின் “சொந்தப் பயன்பாட்டுப்” பிரதியாகத்தான் பிறந்தது.

பெற்றோருக்கு ஒன்று. நீங்கள் திரைப்பதிவு செயலியை இயக்கும்போது உங்கள் பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறது. பல வீடுகளில் அதை இயக்கிக் கொடுப்பதே பிள்ளைதான்! நன்னெறிக்கல்விப் பாடத்தில் 14 நெறிகளைக் கற்பிக்கிறோம். அவற்றுள் நேர்மையும் ஒன்று, நன்றியுணர்வும் ஒன்று. “தொலைந்த பணப்பையைக் கண்டெடுத்தால் என்ன செய்வாய்?” என்று வினாத்தாளில் கேட்டால் எல்லாப் பிள்ளையும் முழுப் புள்ளி வாங்குகிறது. பணப்பை வினா எளிது, ஏனென்றால் இன்றைக்கு யாரும் அதைத் தொலைப்பதில்லை. போன மாதம் வினாவை மாற்றிப் பார்த்தேன். “உன் நண்பன் காசு கொடுத்துப் பார்க்கும் காணொளியை உனக்கு அனுப்பினால் என்ன செய்வாய்?” முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் எழுதிய விடை, “நன்றி கூறுவேன்.” நன்றியுணர்வு நெறிக்குப் புள்ளி கொடுக்கலாமா வேண்டாமா என்று எனக்கே குழப்பம்.

லோரி ஓட்டுநரின் மகன் இவ்வாண்டு படிவம் 1-இல் இருக்கிறான். சனவரியில் தந்தையும் மகனும் பள்ளிக்கு வந்திருந்தார்கள். அந்தப் பழைய மடிக்கணினியையும் கொண்டு வந்திருந்தார்கள். “டீச்சர், அழிச்சிட்டோம். சரியா போயிடுச்சான்னு பாருங்க” என்றார். குப்பைத்தொட்டியில் இன்னும் கிடந்தது. பையனே அதையும் காலி செய்தான்.

டெலிகிராம் குழுவில் அது இன்னும் இருக்கிறது. நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டாம் முறை என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்த சுற்றில் ஆசிரியைக்கு வந்தவை 37 குடும்பங்கள். திருட்டு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பள்ளிகள் முழுமையாகத் திறந்துவிட்டன, இணைய வகுப்பு பலருக்கும் சலித்துவிட்டது. ஆனால், குழுவில் பாடம் வந்த மாதத்தில்தான் அவருக்குப் புதிதாக ஒருவரும் சேரவில்லை. தொலைபேசியில் பேசியபோது, “உடம்புக்கு முடியவில்லை, டீச்சர். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

48 பாடங்களில் 31 வெளிவந்தன. முப்பத்தொன்றாம் பாடம் தசமப் பெருக்கல். அதன் முடிவில் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பி, “அடுத்த பாடத்தில் விழுக்காடு பார்ப்போம், மாணவர்களே. வரும்போது ஒரு கடைப் பற்றுச்சீட்டு எடுத்து வாருங்கள்” என்கிறார்.